ஒரே கம்பெனியின் நிதியை நம்பியிருந்த எங்கள் பள்ளி: ஏப்ரலுக்குப் பிறகு என்ன செய்வது?

சாரல் | ஜனவரி 19

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் சிறப்புக் குழந்தைகளுக்கான பகல்நேரப் பள்ளி நடத்துகிறோம். பதிவு பெற்ற டிரஸ்ட், வருமானவரித் துறையின் 12ஏ (டிரஸ்ட்டுக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) இரண்டும் உண்டு. 11 வருடமாகிறது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் என்று 34 பிள்ளைகள். காலை ஒன்பதரைக்கு வேன் கொண்டுவந்து விடும், மூன்றரைக்குத் திரும்பும். அந்த ஆறு மணி நேரத்தில்தான் அம்மாமார் பீடி சுற்றுவார்கள், வயல் வேலைக்குப் போவார்கள், கொஞ்சம் கண் அயர்வார்கள்.

மாதச் செலவு 2 லட்சம். சம்பளம் 1,18,000, வேன் 26,000, மதியச் சாப்பாடு 22,000, வாடகை 15,000. மீதி 19,000 கரண்ட், பயிற்சிப் பொருள்கள், கணக்கு, ரிப்பேர் என்று போகும். ஆக வருடத்துக்கு 24 லட்சம்.

அதில் 17 லட்சம் ஒரே கம்பெனியின் சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்குச் சட்டப்படி ஒதுக்கும் பணம். ஆறு வருடமாகத் தவறாமல் வந்தது. போன வாரம் மெயில் வந்திருக்கிறது. ஏப்ரல் முதல் அவர்கள் வேறு மாவட்டத்தில் குடிநீர்த் திட்டம் எடுக்கிறார்களாம், நமக்கு மார்ச்சோடு முடிகிறது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் வந்துகொண்டிருந்த ஆறு வருடமும் நாங்கள் வேறு கதவைத் தட்டவில்லை, அதுதான் தப்பு.

மீதி 7 லட்சத்தின் கணக்கு இது. சாப்பாட்டுக்கு ஊர்க்காரர்கள் 2,64,000 தருகிறார்கள். பிறந்தநாள், திவசம் என்று நாள் போட்டுத் தருவது, அது மட்டும் குறைந்ததே இல்லை. பெற்றோர் கட்டணம் 1,20,000. அவ்வப்போது வரும் நன்கொடை 3,16,000.

கையில் இருப்பது 4 லட்சம், அதாவது இரண்டு மாதம். இன்னொரு பெரிய கம்பெனியைத் தேடுவதா, இல்லை மொத்தத்தையும் வேறு மாதிரி அமைப்பதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு | ஜனவரி 19

அம்மா, 30 வருடமாக டிரஸ்ட் கணக்குகள் பார்க்கிறேன். ஏப்ரலுக்கான அவசரம் வேறு, நிரந்தரமாக அமைத்துக்கொள்வது வேறு. இரண்டையும் ஒரே கூட்டத்தில் பேசாதீர்கள், பயத்தில் எடுக்கும் முடிவு பத்து வருடத்துக்கு நிற்கும்.

அவசரத்துக்கு முதலில் அந்தக் கம்பெனியிடமே திரும்பப் போங்கள். ஒரேயடியாக நிறுத்தாமல் ஒரு வருடம் குறைத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். ஆறு வருட உறவு, கூச்சப்பட வேண்டாம். இன்னொன்று, பிப்ரவரி மார்ச் என்பது சிஎஸ்ஆர் பிரிவுகளுக்கு நெருக்கடியான காலம். நடப்பில் உள்ள திட்டத்துக்குச் செலவாகாமல் நின்ற பணத்தை ஆண்டு முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட வேண்டும், மற்றதை ஆறு மாதத்துக்குள் சட்டம் குறிப்பிடும் நிதிகளில் கட்டிவிட வேண்டும். அதனால் மார்ச்சில் கையில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு, நம்பகமான ஆளைத் தேடும் கம்பெனிகள் இருக்கும். உங்கள் சிஎஸ்ஆர்-1 பதிவு (சிஎஸ்ஆர் பணம் வாங்கும் அமைப்புகளுக்கானது), 12ஏ, 80ஜி, மூன்று வருட ஆடிட் அறிக்கை எல்லாம் ஒரே ஃபைலில் தயாராக இருக்கட்டும்.

இப்போது நீண்டகால விஷயம். சிஎஸ்ஆர் பணம் என்பது 2013 கம்பெனிச் சட்டம் 135 ஆவது பிரிவின்படி, கடந்த மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2%. லாபம் குறைந்தால் அதுவும் குறையும். தங்கள் தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது, ஆலை இடம் மாறினால் பணமும் மாறும். நீங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் இதை மாற்ற முடியாது. ஆறு வருடம் வந்தது பெரிய விஷயம்.

அதனால் எத்தனை பேரிடம் வாங்குகிறோம் என்று எண்ணுவதற்கு முன்னால், எந்தப் பணம் எந்தச் செலவைத் தாங்கும் என்று பாருங்கள். ஒரு தாளை எடுத்து இடது பக்கம் உங்கள் ஐந்து செலவு, வலது பக்கம் வரவு. கோடு போட்டுச் சேருங்கள். நீங்கள் சொன்னதை வைத்து நான் போட்டுப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு மட்டும் சரியாகக் கோடு சேர்கிறது. சம்பளத்துக்குப் போகும் கோடு எல்லாம் அந்த ஒரே கம்பெனியிலிருந்து கிளம்புகிறது.

மாலைப்பள்ளி | ஜனவரி 20

அக்கா, திண்டுக்கல் பக்கம் மாலைநேரப் படிப்பு மையம் வைத்திருக்கிறோம். எங்களுக்கு 2020 செப்டம்பரில் இதேபோல் ஒரே நாளில் நின்றது. வெளிநாட்டுப் பணம் வாங்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் வழியாக எங்களுக்கு நிதி வந்தது. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தைத் திருத்தி, அந்தப் பணத்தை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். கொரோனா நேரம் வேறு. ஏழு ஆசிரியர்கள், மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது மாதம் 100, 200, 300 என்று கொடுக்கும் ஊர் ஜனங்கள்தான். இன்றைக்கு 214 பேர். மொத்தம் மாதம் 52,000 வருகிறது. தொகை பெரிதில்லை. ஆனால் இந்தப் பணத்துக்கு யாரும் நிபந்தனை போடுவதில்லை. பல்ப் வாங்கலாம், ஆசிரியைக்குப் பிரசவ விடுப்பில் சம்பளம் கொடுக்கலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ வைக்கலாம். பெரிய நிதியில் இதற்கெல்லாம் தலைப்பே கிடையாது.

எப்படிச் சேர்த்தோம் என்று கேட்பீர்கள். போஸ்டர் அடித்தோம், முகநூலில் போட்டோம், பதினொரு பேர் வந்தார்கள். பிறகு எங்கள் ஆசிரியை ஒருவர், அவர் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர், மளிகைக்கடைக்காரர், பழைய மாணவர் அப்பா என்று தெரிந்த முகங்களாகப் போய் நேரில் கேட்டார். அதில்தான் பெருகியது. பஸ் ஸ்டாண்ட் எதிரே டீக்கடை வைத்திருப்பவர் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கல்லாவில் இருந்து இரண்டு நூறு ரூபாய்த் தாளை எடுத்துத் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவார். நாங்கள் போவதற்கு எட்டாம் தேதி ஆனாலும் அந்தத் தாள் அங்கேயே இருக்கும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, "ரசீதை அப்பவே எழுதிக் குடும்மா, அப்புறம் தாரேன்னு சொல்லாத."

அதனால் ரசீது அன்றைக்கே. மாதம் ஒரு முறை வாட்ஸாப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவு, பிள்ளைகளே பேசுவது. வருடம் ஒரு நாள் வரவு செலவை வாசலில் பெரிதாக எழுதி ஒட்டுகிறோம். முடிந்தது அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. பத்துப் பேர் சேர்ந்தால் வருடத்தில் மூன்று பேர் நின்றுவிடுவார்கள், எங்கள் அனுபவம் இது. கோபித்துக்கொண்டு இல்லை, ஃபோன் மாற்றினார்கள், பேங்க் மாற்றினார்கள், அவ்வளவே. ஒரு மாதம் வரவில்லை என்றால் அந்த வாரமே கூப்பிட்டு நலம் விசாரிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

எதிர்க்காற்று | ஜனவரி 20

மாலைப்பள்ளி சொல்வது மனதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் 214 பேரைச் சேர்க்க உங்களுக்கு எத்தனை வருடம் ஆயிற்று? சாரல் மேடத்துக்கு ஏப்ரலில் சம்பளம் போட வேண்டும். சிறப்புப் பள்ளி என்பது அரசு செய்ய வேண்டிய வேலை. மாநில அரசு மானியம் இருக்கிறது, மத்திய அரசில் தீனதயாள் பெயரில் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்காமல் டீக்கடைக்காரரிடம் 200 ரூபாய் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரே வரி கட்டுகிறார்தானே?

மாலைப்பள்ளி | ஜனவரி 20

நாலு வருடம் ஆயிற்று. உண்மைதான். ஏப்ரலுக்கு இது தீர்வு இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

பேரேடு | ஜனவரி 21

எதிர்க்காற்று கேட்டது நியாயமான கேள்வி. அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்கத்தான் வேண்டும், அது உரிமை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி உங்கள் பள்ளிக்குப் பதிவுச் சான்று இருக்கிறதா, நிதி ஆயோக் தர்ப்பண் எண் (தொண்டு அமைப்புகளுக்கான அரசுப் பதிவு எண்) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை எந்தச் செலவோடு சேர்ப்பது என்பதில் கவனம் வேண்டும். நான் கணக்குப் பார்க்கும் ஓர் அமைப்புக்கு ஒரு திட்டத்தில் வரவேண்டிய மானியம் 14 மாதம் கழித்து வந்தது. முழுத் தொகையும் வந்தது, ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால் அதற்குள் அவர்கள் மூன்று வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போட்டு, வந்த மானியத்தில் ஒரு பங்கு வட்டிக்கே போயிற்று. மானிய விதிப்படி வட்டியைச் செலவாகக் காட்டவும் முடியாது.

தாமதமாக வரும் பணத்தை நம்பி மாதச் சம்பளம் வைக்கக்கூடாது, அல்லது அந்தத் தாமதத்தைத் தாங்கும் இருப்பு வேண்டும். ஆறு மாதச் செலவு, உங்களுக்கு 12 லட்சம், ஒரு எஃப்.டி.யில் (வங்கி நிரந்தர வைப்பில்) கிடக்க வேண்டும். வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருடமே செலவழிக்க வேண்டும் என்பதால் டிரஸ்ட்டில் சேமிக்கவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். மீதி 15 சதவீதத்தைத் தாராளமாகச் சேர்க்கலாம். குறிப்பிட்ட நோக்கத்துக்கென்றால் வருமானவரித் துறைக்கு உரிய படிவம் கொடுத்து ஐந்து வருடம் வரை அதற்கு மேலும் சேர்க்கலாம். ஆறு வருடமாகச் செய்திருந்தால் என்று சொல்லி உங்கள் மனதை நோகடிக்க விரும்பவில்லை. இந்த வருடமே தொடங்குங்கள்.

தெப்பக்குளம் | ஜனவரி 21

மதுரைக்காரன் என்பதால் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. பணம் கட்ட முடிந்தவர் கட்டுகிறார், முடியாதவருக்கு இலவசம் அல்லது மிகக் குறைந்த செலவு. கட்டுகிறவரின் பணத்தில் கட்டாதவருக்கும் நடக்கிறது, அதே டாக்டர்கள்தான் இரண்டு பக்கமும் ஆபரேஷன் செய்கிறார்கள். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992இல் ஆரோலேப் ஆரம்பித்துத் தாங்களே செய்தார்கள். உங்கள் பள்ளியிலும் வசதி உள்ளவர்களிடம் முழுக் கட்டணம் வாங்கலாமே?

சாரல் | ஜனவரி 21

தெப்பக்குளம் அண்ணா, நாங்களும் அதை நினைத்தோம். ஆனால் கண்புரை ஆபரேஷன் ஒரு கண்ணுக்கு ஒரு தடவை. எங்கள் பிள்ளைகள் தினமும் வருகிறவர்கள், பத்து வருடம் பன்னிரண்டு வருடம் வருகிறவர்கள். 34 வீட்டில் 27 வீடு பீடி, கூலி வேலை. வசதி உள்ளவர்கள் பெரும்பாலும் பிள்ளையைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள். கட்ட முடிந்தவரின் எண்ணிக்கை அதிகமாக இருந்தால்தான் அந்த முறை நிற்கும்.

தெப்பக்குளம் | ஜனவரி 21

சரி, பிள்ளைகளை விடுங்கள். உங்களிடம் வேறு என்ன இருக்கிறது? பிசியோதெரபிஸ்ட் வருகிறார் அல்லவா? ஊரில் பக்கவாதம் வந்த பெரியவர்கள், முழங்கால் வலிக்காரர்கள் எத்தனை பேர்? மூன்றரைக்கு மேல் உங்கள் கட்டடம் சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது?

பேரேடு | ஜனவரி 22

நல்ல யோசனை. செய்யும் முன்னால் டிரஸ்ட் பத்திரத்தில் மருத்துவ உதவி ஒரு நோக்கமாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரவு செலவுக்குத் தனிப் புத்தகம் வேண்டும், பள்ளிக் கணக்கில் கலக்கக் கூடாது. கல்வி, மருத்துவம், ஏழைகளுக்கான உதவி என்ற நோக்கங்கள் இல்லாமல் பொதுநலம் என்று மட்டும் பதிந்த டிரஸ்ட்டுக்குத் தொழில் வருமானம் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் பத்திரத்தைக் காட்டிவிட்டே ஆரம்பியுங்கள்.

கடல்தாண்டி | ஜனவரி 23

சிங்கப்பூரில் இருக்கிறேன், சொந்த ஊர் கடையநல்லூர் பக்கம். எங்கள் வாட்ஸாப் குழுவில் 40 பேர் இருக்கிறோம். இந்த மாதிரிப் பள்ளிக்கு மாதாமாதம் கொடுக்க ஆள் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதி வேண்டும் என்கிறார்களே?

பேரேடு | ஜனவரி 23

தம்பி, பணம் எந்த நாட்டில் சம்பாதித்தது என்பதை விட, கொடுப்பவர் கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதுதான் முக்கியம். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) வைத்திருந்தாலும், வெளிநாட்டு மூலம்தான். ஊருக்கு வந்தபோது ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அப்படித்தான். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத டிரஸ்ட் அதை வாங்கினால் குற்றம்.

ஆகவே சாரல் அம்மா, இவர்களிடம் வாங்குவதாக இருந்தால் முதல் தடவையே பாஸ்போர்ட் நகல் வாங்கி ஃபைலில் வையுங்கள். 40 பேரும் சேர்ந்து ஒருவர் கணக்கில் போட்டு மொத்தமாக அனுப்ப வேண்டாம். யார் பணம் என்று பின்னால் பிரிக்க முடியாது.

எஃப்.சி.ஆர்.ஏ. பதிவே வாங்கலாமா என்றால், மூன்று வருடத்தில் நோக்கத்துக்காக 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும், உங்களுக்கு அது இருக்கிறது. டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் கணக்கு, நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. கொடுக்கப்போகிறவர் யார் என்று தெரியாமல் இதில் இறங்காதீர்கள். அந்தக் காகித வேலைக்கே ஒரு ஆள் வேண்டும்.

ஓலைநறுக்கு | ஜனவரி 24

கல்வெட்டுகள் படிப்பதில் ஆர்வமுள்ளவன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள், அவர்கள் தினமும் ஓர் உழக்கு (அந்தக் கால அளவு) நெய் அளக்க வேண்டும். இப்படிக் கொடுத்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஒரு ஆடு செத்தால் குட்டியைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிவிட வேண்டும், மந்தை சாவதும் இல்லை, கிழடாவதும் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம் ஊரில் மூலதன நிதி என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது. கோயில்களில் இன்றைக்கும் கட்டளை வைக்கிறோமே, முதலைப் போட்டு அதன் வருமானத்தில் பூசை நடக்கும்படி. உங்கள் பள்ளிக்கும் அப்படி ஒரு வைப்பு நிதி சேர்க்கக் கூடாதா?

சாரல் | ஜனவரி 24

படிக்கவே நிறைவாக இருந்தது. கணக்கும் போட்டுப் பார்த்தேன். 7% வட்டி என்று வைத்தால் 24 லட்சத்துக்கு 3 கோடியே 43 லட்சம் வேண்டும். ஒரு ஆசிரியைக்கு மாதம் 15,000 கொடுக்க மட்டும் 26 லட்சம். எங்களுக்கு எட்டாத தூரம். அப்புறம் விளக்குக்கு என்றைக்கும் ஓர் உழக்கு நெய்தான். ஆசிரியை சம்பளம் வருடா வருடம் ஏற வேண்டுமே, வட்டி ஏறாதே?

ஓலைநறுக்கு | ஜனவரி 24

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்த்தால்தான் மந்தை கிழடாகாமல் இருக்கும். மொத்தப் பள்ளிக்கு வேண்டாம், வாடகைக்கு மட்டும் கட்டளை வையுங்கள். அல்லது கட்டடம் சொந்தமாகிவிட்டால் அதுவே ஒரு மூலதனம்.

பேரேடு | ஜனவரி 24

மூலதன நிதிக்கு என்று கொடுப்பவரிடம் அப்படியே எழுதி வாங்குங்கள். அந்தப் பணம் வருமானவரிச் சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில் தனியாக நிற்க வேண்டும், தனியாகக் காட்ட வேண்டும். கஷ்டம் வந்தது என்று ஆட்டை வெட்டித் தின்றுவிடக் கூடாது.

இன்னொருவர் எனக்குத் தனியாக எழுதி சோஷியல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் பற்றிக் கேட்டிருந்தார். தொண்டு அமைப்புகள் பங்குச்சந்தை வழியாக நிதி திரட்டும் வழி அது. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி கொண்டுவந்தது, நல்ல ஏற்பாடு. ஆனால் குறைந்தபட்சம் 50 லட்சம் திரட்ட வேண்டும் என்ற அளவில் வைத்திருக்கிறார்கள். 24 லட்சத்தில் நடக்கும் பள்ளிக்கு அது இப்போது வேண்டாம்.

நாள்காட்டி | ஜனவரி 26

நான் கொடுக்கிற பக்கத்தில் இருப்பவள். எங்கள் வீட்டில் மூன்று பிறந்தநாளுக்கும் ஒரு இல்லத்தில் மதியச் சாப்பாடு போடுவோம். சாரல் அக்கா முதல் பதிவில் சாப்பாட்டுப் பணம் மட்டும் குறைந்ததே இல்லை என்று எழுதியதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் சாப்பாடு கொடுப்பது அதுதான் தேவை என்று நினைத்து இல்லை. அது ஒன்றைத்தான் எங்களிடம் கேட்டார்கள். ஒரு தேதி, ஒரு தொகை, பலகையில் பெயர். ஆசிரியை சம்பளத்துக்கு என்று யாரும் எங்களிடம் ஒரு தொகையைச் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் கொடுத்திருப்போம்.

மாதம் 22 நாள் பள்ளி என்றால் ஒரு நாள் சாப்பாடு 1,000 ரூபாய். ஒரு நாள் முழுப் பள்ளிக்கு எவ்வளவு ஆகிறது?

சாரல் | ஜனவரி 26

9,090. ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் 267 ரூபாய். இதுவரை இப்படிக் கணக்குப் போட்டதே இல்லை, இப்போதுதான் போட்டேன்.

நாள்காட்டி | ஜனவரி 26

அப்படியானால் பலகையில் மூன்று வரி எழுதுங்கள். ஒரு நாள் சாப்பாடு 1,000. ஒரு பிள்ளைக்கு ஒரு மாதப் பள்ளி 5,900. ஒரு நாள் முழுப் பள்ளி 9,100, வேன், ஆசிரியை, சாப்பாடு, கரண்ட் எல்லாம் சேர்த்து. கல்யாண நாளுக்கு 9,100 கொடுக்கும் வீடு எல்லா ஊரிலும் இருக்கும்.

பேரேடு | ஜனவரி 27

இந்த இழையில் எனக்குத் தோன்றாதது இதுதான். மகளே, நன்றி.

சட்டம் சார்ந்து இரண்டு சேர்த்துக்கொள்கிறேன். 80ஜி விலக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு 80ஜி பயன் இல்லை, ஆகவே வரிச்சலுகையைக் காட்டி நன்கொடை கேட்கும் பழக்கத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, கடைகளில் உண்டியல் வைக்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். பெயர் தெரியாத நன்கொடை ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால் தாண்டியதற்கு 30% வரி. சின்ன அளவில் வைக்கலாம், அதையே நம்ப வேண்டாம்.

கம்பெனிகளிடம் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். நிர்வாகச் செலவு 5 சதவீதம் என்ற வரம்பு கம்பெனி தன் சொந்த சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்குக் காட்டுவதற்கு. உங்கள் சிறப்பாசிரியை சம்பளம் நிர்வாகச் செலவு கிடையாது, அதுதான் திட்டமே. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு சம்பளத்துக்கு மட்டும் தர மாட்டோம் என்பவர்கள் உண்டு. பணிவாக எடுத்துச் சொல்லுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

சாரல் | பிப்ரவரி 9

நேற்றுப் பெற்றோர் கூட்டம் நடந்தது. கட்டணம் ஏற்றுவது பற்றிப் பேசவே எனக்கு நாக்கு எழவில்லை. கணக்கை மட்டும் கரும்பலகையில் எழுதினேன். 24 லட்சம், அதில் 17 லட்சம் நிற்கிறது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பீடி சுற்றும் ஒரு அம்மா எழுந்தார். அவர் பையனுக்கு மூளை முடக்குவாதம், இதுவரை அவரிடம் ஒன்றும் வாங்கியதில்லை. "மாசம் 150 நான் தாரேன் டீச்சர். சும்மா விடுத பிள்ளைன்னு இத்தன நாளும் வாயத் தொறந்ததில்ல. வேன் பிந்தி வந்தாக்கூட கேக்க மாட்டேன். துட்டு குடுத்தா கேப்பேன்" என்றார். எனக்கு அது நெஞ்சில் தைத்தது. இலவசம் என்று சொல்லி அவர் கேள்வி கேட்கும் உரிமையை நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

யார் எவ்வளவு என்று அவர்களே பேசி எழுதிக் கொடுத்தார்கள். மாதம் 10,000 என்பது 16,500 ஆயிற்று. ஆறு வீட்டுக்குக் கட்டணம் இல்லை, அதையும் அவர்களே முடிவு செய்தார்கள்.

எதிர்க்காற்று | பிப்ரவரி 9

அந்த அம்மா சொன்னதை இரண்டு முறை படித்தேன். மானியம் கேட்க வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் கட்டணம் பற்றி நான் நினைத்திருந்தது மாறுகிறது.

சாரல் | அக்டோபர் 12

எட்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். இந்த வருடக் கணக்கு எப்படிப் போகிறது என்று எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பழைய கம்பெனி நாங்கள் நேரில் போய்க் கேட்டதும் கடைசியாக 5 லட்சம் தந்தது. திருநெல்வேலியில் இன்னொரு கம்பெனி 6 லட்சம், வேனுக்கும் பிசியோதெரபிஸ்ட்டுக்கும் மட்டும். இரண்டு வருட ஒப்பந்தம் எழுதி வாங்கினோம். சாப்பாடு எப்போதும் போல் 2,64,000. பெற்றோர் 1,98,000. மாதாமாதம் கொடுப்பவர்கள் 61 பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதில் 14 பேர் கடல்தாண்டி தம்பியின் குழு, பாஸ்போர்ட் நகல் எல்லாம் ஃபைலில் இருக்கிறது. மாதம் 21,400, இப்படியே போனால் வருடத்துக்கு 2,57,000. மாலைநேர பிசியோதெரபி ஜூனில் ஆரம்பித்தோம், செலவு போக மாதம் 9,000 நிற்கிறது, மார்ச் வரை பார்த்தால் 90,000. நாள்காட்டி அக்கா சொன்ன முழுநாள் பலகையில் இதுவரை 31 நாள் எழுதியிருக்கிறார்கள், 2,82,100.

மொத்தம் கிட்டத்தட்ட 21,91,000. இன்னும் 2 லட்சத்துச் சொச்சம் இடிக்கிறது. அவ்வப்போது வருகிற நன்கொடையை இதில் சேர்க்கவில்லை, அதை எஃப்.டி.யில் போட வேண்டும் என்று தீர்மானம் எழுதியிருக்கிறோம். இந்த வருடம் அது முடியாது போலிருக்கிறது. அடுத்த வருடம் பழைய கம்பெனியின் 5 லட்சமும் இருக்காது. மானியத்துக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று, வந்தால் நேராக இருப்பு நிதிக்கு.

எந்த மாதமும் சம்பளம் தவறவில்லை. ஜூலையில் மட்டும் ஐந்து நாள் தள்ளிப்போயிற்று.

மாலைப்பள்ளி | அக்டோபர் 12

அக்கா, எட்டு மாதத்தில் 61 பேர் என்பது எங்களைவிட வேகம். நின்றவர்களை யார் கூப்பிடுகிறார்கள்?

சாரல் | அக்டோபர் 13

அந்த பீடி சுற்றும் அம்மாதான். மாதம் 3,000 கொடுக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் மதியம் வந்து ஃபோன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். எல்லாரிடமும் முதலில் "சாப்பிட்டாச்சா"தான் கேட்பார். போன மாதம் நான்கு பேர் நின்றிருந்தார்கள், மூன்று பேர் திரும்ப வந்துவிட்டார்கள். நாலாவது ஆளுக்கு வேலை போய்விட்டதாம். அவர் பெயரை அழிக்க வேண்டாம், தை மாதம் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்போம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.